நைனாவோட கடைசி மெசேஜ் 7-ஆம் தேதிதான் வந்தது

கொஞ்சம் நீளமான த்ரெட். வழக்கமா சுகர், பிரஷர், நாய்க்கடி ஊசின்னு எழுதுற ஆள் நான். இன்னிக்கு எங்க நைனாவப் பத்தியும், பல வருஷம் கழிச்சு நான் திரும்பக் கோயிலுக்குப் போன கதையும். நடுவுல மருத்துவமும் வரும். அது மட்டும் போதும்னா தாண்டித் தாண்டிப் படிங்க, தப்பில்ல.

நேத்து நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறைக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். வந்ததுல இருந்து எழுதணும்னு தோணிட்டே இருக்கு.

முதல்ல ஆளச் சொல்லிடுறேன். வடசென்னைல அப்பாவ நைனான்னு கூப்பிடுற கடைசி செட் நாங்க. என் பையன் அவன் அப்பாவ டாடிங்குறான். எங்க நைனா துறைமுகத்துல டாலி கிளார்க். கப்பல்ல இருந்து எத்தனை மூட்டை இறங்குது, எத்தனை பெட்டி ஏறுதுன்னு நின்னு எண்ணி எழுதுற வேலை. வீட்லயும் அதே புத்திதான். கல்யாணத்துக்குப் போனா எத்தனை பந்தி போச்சுன்னு எண்ணுவார். எங்களுக்கு இட்லி வச்சா எண்ணி வைப்பார், அப்புறம் ஒண்ணு எண்ணாம வைப்பார்.

நாங்க ராயபுரம். புனித பேதுரு ஆலயப் பங்கு. பழைய தமிழ்ல பேதுருவுக்கு ராயப்பர்னு பேரு, அதுல இருந்துதான் ராயபுரமே வந்துச்சுன்னு நைனா அடிச்சுச் சொல்லுவார். படகுக்காரங்க காசு போட்டுக் கட்டின கோயில்ங்கிறதுல அவருக்குத் தனிப் பெருமை. துறைமுகத்துல நிலக்கரி இறக்கிட்டு இருந்த காலத்துல எங்க மொட்டை மாடில வெள்ளைத் துணி காயப்போட முடியாது, மூக்கு சிந்தினா கைக்குட்டை கறுப்பாகும். 2011-ல ஐகோர்ட் உத்தரவுக்கப்புறம் நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போச்சு. கொஞ்ச வருஷத்துல ரிட்டயர் ஆகி நைனாவும் பின்னாலயே போனார், திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர்ல ஒரு சின்ன வீடு வாங்கிட்டு. கரி நம்மள விடாது பாப்பான்னு சிரிப்பார்.

நான் ஸ்டான்லில எம்.பி.பி.எஸ். படிச்சேன். அங்கதான் என் பக்தி போச்சு. சாமி இல்லன்னு யாரும் என்கிட்ட வாதாடல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஞாயித்துக்கிழமை டூட்டி, பூசை தவறிச்சு, அப்புறம் தவறுறது பழகிடுச்சு. ஒரு ராத்திரி குழந்தைகள் வார்டுல ஒரு அம்மா ஜெபமாலைய உருட்டிட்டே இருந்தாங்க. விடியக்காலைல குழந்தை போயிடுச்சு. நான்தான் சொன்னேன். அவங்க கைல ஜெபமாலை அப்படியே இருந்தது. அதுக்கப்புறம் நான் எதையும் கேக்குறத விட்டுட்டேன். கல்யாணம் கோயில்ல நடந்தது, பையனுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தோம். போட்டோவுக்குக் குறை வைக்கல.

நைனா தினமும் காலைல அஞ்சரை, அஞ்சே முக்காலுக்கு ஃபேமிலி குரூப்ல ஒரு வசனப் படம் போடுவார். ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவுல வசனம். அதுக்குக் கீழ அவர் சொந்தமா ஒரு வரி தட்டுவார். "இன்னிக்கு கடல் அமைதி." "தம்பி பைக் சர்வீஸ்." "பாப்பா நைட் டூட்டியா?" 2019-லயே நான் அந்த குரூப்ப மியூட் பண்ணிட்டேன். டூட்டி முடிஞ்சு தூங்குற நேரத்துல டிங் டிங்னு வந்தா என்ன பண்றது?

2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை. மிக்ஜாம் புயல். சென்னைல இருந்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. நான் டூட்டில இருந்தேன் (எந்த மருத்துவமனைன்னு சொல்லல, வடசென்னைல ஒரு அரசு மருத்துவமனை). ராத்திரி எட்டரைக்கு நைனா போன் பண்ணார்.

"நெஞ்சு எரியுது பாப்பா. மத்தியானம் இறா தொக்கு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

எதிர்ல பத்துப் பேர் நிக்குறாங்க. ஒருத்தருக்கு மரம் விழுந்து தலைல அடி. "பான்டாப்ரசோல் ஒண்ணு போட்டுக்கோ நைனா, காலைல பாத்துக்கலாம்"னு சொல்லி வச்சுட்டேன். போன்ல இன்னும் பதிவு இருக்கு: 41 செகண்ட்.

அவருக்கு வயசு 68. சுகர் வந்து 14 வருஷம்.

இந்த இடத்துல மட்டும் டாக்டரா பேசிக்கிறேன். சுகர் இருக்குறவங்களுக்கு மாரடைப்பு சினிமால வர்ற மாதிரி நெஞ்சப் பிடிச்சுட்டு வரணும்னு அவசியமில்ல. நரம்பு பாதிச்சிருந்தா வலியே சரியாத் தெரியாது. மேல்வயித்துல எரிச்சல், காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குறது, தாடையிலயோ முதுகுலயோ ஒரு பாரம், திடீர்னு ஒரு அசதி, இதுல எது வேணா இருக்கலாம். "கேஸ்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. போன்ல டாக்டர் சொன்னாலும், அந்த டாக்டர் உங்க மகளா இருந்தாலும், நம்பாதீங்க. ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்க. அரசு ஆஸ்பத்திரில இலவசம். 2023 ஜூன்ல தொடங்கின இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரைகள் கொடுக்குறாங்க: ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின், மொத்தம் 14 மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற வழில உயிரைத் தாங்கிப் பிடிக்கிறதுக்கு. இதை நானே எத்தனையோ முகாம்ல மைக் பிடிச்சுப் பேசியிருக்கேன்.

4-ஆம் தேதி காலைல என்னை மாத்திவிட வர வேண்டியவங்க யாரும் வர முடியல. கரண்ட் இல்ல, டவர் இல்ல. கீழ்த்தளத்துக்குத் தண்ணி வந்துடுமோன்னு நோயாளிகளை ஸ்ட்ரெச்சரோட மாடிக்குத் தூக்கிட்டு இருந்தோம். வீட்டுக்கு அடிச்சேன், போகல. அடிச்சேன், போகல. சரி, பக்கத்து வீட்டு ஆட்கள் இருக்காங்கன்னு விட்டுட்டேன்.

பத்து மணி வாக்குல நைனாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கு. 108 தெருவுக்குள்ள வர வழியில்ல. தெருப் பசங்க மீன்பாடி வண்டில அவரப் படுக்க வச்சு, இடுப்பளவு தண்ணில தள்ளிட்டுப் போயிருக்காங்க. அம்மா அவர் பாதத்தப் பிடிச்சுட்டே நடந்து போயிருக்காங்க. போய்ச் சேர்ந்த இடத்துல ஈசிஜி எடுத்தாங்க. நேர்கோடு.

எனக்குத் தெரிஞ்சப்போ சாயந்திரம். தெருப் பையன் ஒருத்தன் நனைஞ்சு வந்து வார்டு வாசல்ல நின்னான். "டாக்டரக்கா, நைனா..." அதுக்கு மேல அவனால முடியல. நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எத்தனை மணிக்கு?"

மார்ச்சுவரி வாசல்ல அம்மா என்னப் பாத்து ஒரே ஒரு தடவை சொன்னாங்க. "நீ இருந்திருந்தா அவரு போயிருப்பாராடீ?"

6-ஆம் தேதி அடக்கம். காசிமேட்டுல ஆயா குழியத் திறந்து அதுலயே. வீட்டுக்கு வந்து பாத்தா சுவத்துல இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்தது ஞாபகம் இருக்கும், எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படகும் வலையும் தார் பூசின மாதிரி நின்னது. அந்த எண்ணெய் எங்க வீட்டு பீரோ, கட்டில், சுரூபம் வச்ச மர ஸ்டாண்டு எல்லாத்துலயும். துக்க வீட்டுல ஊதுபத்தி வாசனை வரணும். எங்க வீட்டுல பெட்ரோல் பங்க் வாசனை.

7-ஆம் தேதி தம்பி வீட்டுக்குக் கரண்ட் வந்தது. யார் யாருக்குச் சொல்லணும்னு நம்பர் பாக்க நைனா போனை சார்ஜ் போட்டோம். அது ஆன் ஆகி டவர் பிடிச்ச நிமிஷம் தம்பி போன்ல டிங்னு சத்தம். அவன் எடுத்துப் பாத்தான். முகம் மாறிடுச்சு. ஃபேமிலி குரூப்ல "நைனா".

4-ஆம் தேதி காலைல 5:41-க்கு அனுப்பினது. டவர் இல்லாம அவர் போனுக்குள்ளயே கடிகார அடையாளத்தோட மாட்டிட்டு இருந்திருக்கு. மண்ணுக்குள்ள போன மறுநாள் வருது.

என் போன் சத்தமே போடல. நான்தான் மியூட்ல வச்சிருக்கேனே.

அந்த வசனம் ஏதாவது ஆறுதலா இருந்ததான்னு கேப்பீங்க. இல்ல. வயல் நல்லா விளையும்னு ஒரு ஆசீர்வாதம். எங்க வீட்டுல ஒரு தொட்டிச் செடி கூடக் கிடையாது. வருஷ ஆரம்பத்துலயே 365 படத்த மொத்தமா வாங்கி வச்சுக்கிட்டு வரிசையா அனுப்புற ஆள் அவர், அன்னிக்கு அதோட முறை. கீழ அவர் வரி: "தண்ணி ஏறுது. பால் வரல. பாப்பா சாப்ட்டியா."

நெஞ்சு எரிச்சல் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு விஷயம் படிச்சேன். வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்ச டாக்டர் பால் பிராண்ட் தெரிஞ்சிருக்கும். அவங்க அப்பா ஜெசி பிராண்ட் கொல்லிமலைல மிஷனரியா இருந்தார். 1929 ஜூன்ல காய்ச்சல்ல இறந்துட்டார், வயசு 44. பையன் அப்போ இங்கிலாந்துல பள்ளிக்கூடம். சாவுச் செய்தி தந்தில போயிடுச்சு. ஆனா அப்பா எழுதின கடிதங்கள் கப்பல்ல மெதுவாப் போயிட்டிருந்தது. அவர் இறந்த செய்தி வந்ததுக்கப்புறமும் அவர் கையெழுத்துல கடிதம் வந்துட்டே இருந்திருக்கு, மலையில என்ன பாத்தேன், எந்த மரம் பூத்துச்சுன்னு. அதைப் படிச்சப்போ புத்தகத்த மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

ஆனா அது அப்புறம். அப்போ நான் அழவே இல்ல. பத்தாம் நாள் டூட்டிக்குப் போயிட்டேன். எல்லாரும் "ஸ்ட்ராங்கான பொண்ணு"ன்னாங்க. மூணாவது வாரம் எனக்கே நெஞ்ச அடைச்சது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தேன், ஒண்ணுமில்ல.

டகோட்சுபோன்னு ஒரு இதய நோய் இருக்கு. 1990-ல ஜப்பான்ல விவரிச்சாங்க. பெரிய அதிர்ச்சி, துக்கத்துக்கப்புறம் இதயத்தோட ஒரு பக்கம் பலூன் மாதிரி உப்பிடும். பாக்க மாரடைப்பு மாதிரியே இருக்கும், ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்காது. ஜப்பான் மீனவங்க ஆக்டோபஸ் பிடிக்கிற பானைக்குப் பேரு டகோட்சுபோ, இதயம் அந்த வடிவத்துக்கு வந்துடுறதால அந்தப் பேரு. காசிமேட்டுல சொன்னா உடனே புரிஞ்சுக்குவாங்க. பெரும்பாலும் சில வாரத்துல சரியாகிடும், ஆனா ஆஸ்பத்திரில இருந்துதான் சரியாகணும். எனக்கு அது இல்ல. ஆனா "மனசு உடைஞ்சுடுச்சு"ங்கிறது வெறும் பேச்சில்லன்னு தெரிஞ்சுக்கோங்க. நெருங்கினவங்க இறந்த முதல் 24 மணி நேரத்துல மாரடைப்பு ஆபத்து சுமார் 21 மடங்கு கூடுதுன்னு 2012-ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொல்லுது. அதனால துக்க வீட்டுக்குப் போனா மாலை போடுறதோட நிக்காதீங்க. இருக்குற அம்மாவோ அப்பாவோ பிரஷர் மாத்திரை போட்டாங்களா, சுகர் மாத்திரை போட்டுட்டு சாப்பிட்டாங்களான்னு யாராவது ஒருத்தர் பாருங்க. எங்க அம்மா மூணு நாள் போடல. வீட்டுல டாக்டர் இருந்தும்.

துக்கத்துக்கு அஞ்சு கட்டம்னு வாட்ஸ்அப்ல சுத்துறதையும் ரொம்ப நம்பாதீங்க. எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல எழுதினது சாகப் போற நோயாளிகளப் பத்தி. இருக்குறவங்க துக்கம் அப்படிப் படிப்படியா ஏறி இறங்காது. எனக்கு வந்தது ஒரே கட்டம்: 41 செகண்ட்.

அடக்கத்துக்கப்புறம் 30 நாளும் சாயந்திரம் அன்பியத்துப் பொம்பளைங்க ஜெபமாலை சொல்ல வந்தாங்க. நான் சமையக்கட்டுல டீ போட்டுட்டு இருப்பேன், உள்ள வர மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, வடிவுடையம்மன் பக்தை, வெள்ளிக்கிழமை தவறாதவங்க, அவங்க போய் அம்மா பக்கத்துல உக்காந்துக்குவாங்க. ஒரு வரி தெரியாது. உதட்ட மட்டும் அசைப்பாங்க.

அந்த வாரங்கள்ல ஒரு நாள் வின்சென்ட் தே பால் சபைக்காரங்க வந்து நைனா நோட்டக் கொடுத்தாங்க. வாரா வாரம் ஏழைங்க வீட்டுக்குப் போய்ப் பாக்குற சபை அது. நைனா போவார்னு தெரியும், என்ன பண்றார்னு கேட்டதில்ல. நோட்டப் பிரிச்சா அச்சு அசல் துறைமுகக் கணக்கு. வீட்டு வாரியா கட்டம் போட்டு: அரிசி 5, பருப்பு 1, மாத்திரை 1 அட்டை, பேச்சு அரை மணி. அடுத்த வாரம்: அரிசி இல்லை, பேச்சு 1 மணி. பேச்சையும் சரக்கு மாதிரி எண்ணி எழுதியிருக்கார்.

அன்னிக்கு ராத்திரி மியூட்ட எடுத்தேன். மேல மேல தள்ளிப் போய், ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு அவர் அனுப்பினதப் படிக்க ஆரம்பிச்சேன். பக்தியினால இல்ல. மொத்தமாப் படிச்சா தீர்ந்துடும்னு பயம்.

கொரோனா ரெண்டாவது அலை நேரத்துப் படம் ஒண்ணு. 2021. இயேசு லாசரு கல்லறைகிட்ட அழுத வசனம், பைபிள்லயே ரொம்பச் சின்ன வசனங்கள்ல ஒண்ணு. கீழ நைனா எழுதியிருந்தார்: "எழுப்பப் போறார்னு அவருக்குத் தெரியும்ல. அப்புறம் ஏன் அழுதார். பாப்பா தெரிஞ்சா சொல்லு."

யாரும் பதில் போடல. என்கிட்டதான் கேட்டிருக்கார். ரெண்டரை வருஷமா அந்தக் கேள்வி அங்கயே இருந்திருக்கு.

பதில் சொல்லணுமேன்னுதான் பைபிளத் தேடினேன். நைனா பைபிள் வெள்ளத்துல எண்ணெய் குடிச்சு ஒட்டிப்போச்சு, போன்ல இறக்கிப் படிச்சேன். யோவான் 11. சின்ன வயசுல நூறு தடவை கேட்ட கதை, டாக்டராகி முதல் தடவை படிக்கிறேன். படிங்க, எந்த மதமா இருந்தாலும். லாசருவுக்கு உடம்பு சரியில்லன்னு ஆள் அனுப்புறாங்க. சேதி கிடைச்சும் இயேசு இன்னும் ரெண்டு நாள் இருந்த இடத்துலயே இருந்துடுறார். போய்ச் சேரும்போது புதைச்சு நாலு நாள். மார்த்தா ஊருக்கு வெளியவே வந்து கேட்டுடுறா, நீர் இங்க இருந்திருந்தா தம்பி செத்திருக்க மாட்டானேன்னு. அப்புறம் மரியா வந்து கால்ல விழுந்து அதையே சொல்றா.

மார்ச்சுவரி வாசல்ல எங்க அம்மா சொன்ன அதே வாக்கியம்.

ஆஸ்பத்திரில அந்த வாக்கியத்த நாங்க தினமும் கேக்குறோம். "நீங்க முன்னாடியே வந்து பாத்திருந்தா..." கேட்ட உடனே எங்க கை கேஸ் ஷீட்டுக்குப் போகும். எத்தனை மணிக்குப் பாத்தோம், என்ன ஊசி போட்டோம், நீங்க எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வந்தீங்க. தப்பில்லாதப்பவும் தற்காப்புதான் முதல்ல வரும். மார்ச்சுவரி வாசல்ல அம்மாகிட்டயும் நான் அதான் பண்ணேன். "டவர் இல்லம்மா, ரிலீவர் வரலம்மா."

மரியா அழுறதப் பாத்த இயேசு எந்தக் காரணமும் சொல்லல. இத்தனைக்கும் அந்த ரெண்டு நாள் தாமதத்துக்கு அவர்கிட்ட காரணம் இருந்தது. அவர் அழுதார், அவ்வளவுதான். கூட்டத்துல ஒருத்தன், குருடனுக்குக் கண்ணத் திறந்தவரால இவனக் காப்பாத்த முடியாதான்னும் பேசுறான். அதுக்கும் பதில் இல்ல.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். டூட்டி ரூம் கட்டில்ல உக்காந்து, நைனா போய் ரெண்டு மாசம் கழிச்சு, அன்னிக்குத்தான் அழுதேன். வெளிய வந்தா ஸ்டாஃப் நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணி வச்சுட்டுப் போயிருந்தாங்க. எதுவும் கேக்கல.

என் நம்பிக்கை திரும்ப வந்த இடம் அதுதான். அந்தக் குழந்தைகள் வார்டு ராத்திரிக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கல. லாசரு எழுந்தான், எங்க நைனா எழுந்திரிக்கல. விசுவாசப் பிரமாணத்துல உடலின் உத்தானம்னு சொல்ற இடம் வரும்போது சில ஞாயிறு சத்தமாச் சொல்றேன், சில ஞாயிறு முணுமுணுக்குறேன். ஆனா "நீ இருந்திருந்தா"ங்கிற வாக்கியத்த நின்னு வாங்கிக்கிட்ட ஒருத்தர்கிட்ட என் 41 செகண்டக் கொண்டுபோய்ச் சொல்லலாம்னு தோணுச்சு.

சொன்னேன். 15 வருஷம் கழிச்சுப் பாவசங்கீர்த்தனம். சாமியார் "உங்க தப்பு இல்லம்மா"ன்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருந்தது, எல்லாரும் அதத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. அவர் சொல்லல. முழுசாக் கேட்டார். மன்னிப்பு மந்திரம் சொன்னார். பரிகாரமா, தினமும் ராத்திரி எட்டரைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணி அவசரப்படாமப் பேசுங்கன்னார்.

அழுறது விசுவாசக் குறைவுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. புனித அகுஸ்தினோட அம்மா மோனிக்கா 387-ல ரோமுக்குப் பக்கத்துல ஒஸ்தியாங்கிற துறைமுக ஊர்ல இறந்தாங்க. அவருக்கு அப்போ முப்பத்து சொச்சம் வயசு, அதே வருஷம்தான் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார். அடக்கத்துல அழாம இருக்கத் தன்னோட போராடினதையும், அப்புறம் தனிமைல உடைஞ்சு அழுததையும் அவரே எழுதியிருக்கார். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். எங்க திருவொற்றியூர் கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி இருக்கு. எல்லாத்தையும் துறந்த மனுஷன், அம்மாவுக்குக் கொள்ளி வைக்கும்போது பாடின பாட்டத் தமிழ்நாடு இன்னும் மறக்கல.

சாமி கும்பிட்டா எல்லாம் சரியாகிடும்னு மட்டும் எடுத்துக்காதீங்க. நான் மனநல மருத்துவரையும் பாத்தேன், ஆறு மாசம் மாத்திரையும் சாப்பிட்டேன். ஒரு வருஷம் தாண்டியும் துக்கம் முதல் வாரம் மாதிரியே இருந்து, வேலை, தூக்கம், பிள்ளைங்கன்னு எதையும் பாக்க முடியலன்னா அது நீடித்த துக்கக் கோளாறா இருக்கலாம். 2022-ல இருந்து அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுலயும் அது இருக்கு. சிகிச்சை உண்டு. டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். யாரையும் மதம் மாத்துற பதிவும் இது இல்ல. உதட்ட அசைச்ச அந்த அக்காவுக்கு நான் எந்த ஜெபமும் சொல்லிக் கொடுக்கப் போறதில்ல, அவங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

வேலைல ஒண்ணு மாறியிருக்கு. இறந்துட்டாங்கன்னு சொல்லும்போது இப்போ நான் உக்காந்துக்குறேன். ஸ்டூல் இல்லன்னா படிக்கட்டுல. போன மாசம் ஒரு பையன், 25 வயசு இருக்கும், லாரி ஓட்டுறான், அவங்க அப்பாவ ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வந்தான். "அன்னிக்கே வந்திருந்தா பொழைச்சிருப்பாரா மேடம்?"னு கேட்டான். முன்னாடின்னா "விதிப்பா"ன்னு சொல்லிட்டு நகர்ந்திருப்பேன். "வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்"னு சொன்னேன். அப்புறம் "எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். நான் டாக்டர், நானே விட்டுட்டேன்"னேன். அவன் ரொம்ப நேரம் என் ஷூவையே பாத்துட்டு இருந்தான். எழுந்து போகல, நானும் போகல. பேச்சு அரை மணி.

நேத்து கல்லறைல நல்ல கூட்டம். ஊதுபத்தி, சாமந்தி, பொரி உருண்டை விக்குறவங்க, ஃபாதர் ஒவ்வொரு குழியா தீர்த்தம் தெளிச்சுட்டுப் போறார். துறைமுகக் காத்துல மெழுகுவத்தி நிக்கவே மாட்டேங்குது. அம்மா முந்தானையால மறைச்சு மறைச்சு ஏத்திட்டு இருந்தாங்க. ரெண்டு வருஷமா கேக்காதத அப்போ கேட்டுட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு மார்ச்சுவரி வாசல்ல சொன்னியே, நீ இருந்திருந்தான்னு."

அம்மா திரும்பிக் கூடப் பாக்கல. "உன்னையா சொன்னேன்? மேல இருக்குறவரச் சொன்னேன்"னாங்க. உண்மையாவே அப்படியா, இல்ல எனக்காகச் சொன்னாங்களான்னு தெரியல. ரெண்டாவதாவும் இருக்கலாம். அப்புறம் "தீப்பெட்டிய இப்படிக் கொடு"ன்னாங்க.

நைனாவோட பழைய படங்கள் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கிட்ட பாக்கி இருக்கு. 2022 டிசம்பர்ல இருக்கேன். இப்போ காலைல அஞ்சே முக்காலுக்கு அன்னன்னிக்குப் படிச்சதத் திரும்ப குரூப்ல போடுறேன், கீழ என் வரி ஒண்ணு. இன்னிக்குப் போட்டது: "மழை இல்ல. நைட் டூட்டி. அம்மா பிரஷர் மாத்திரை 1."

தம்பி குரூப்ப மியூட்ல வச்சிருக்கான்னு எனக்குத் தெரியும். இருக்கட்டும்.